ஆடி மழையில் இமய யாத்திரை

திருப்பூரிலிருந்து அவிநாசிக்குச் செல்லும் சாலையில் திருமுருகன்பூண்டி அமைந்துள்ளது. சேரமான் பெருமாள் நாயனார் அளித்த பெரும்பொருளுடன் வந்த சுந்தரமூர்த்தி நாயனார் இத்தலத்தின் அருகே வழிப்பறிக்கு உள்ளானார். வேடர் உருவில் வந்து பொருளைக் கவர்ந்தவை சிவபூத கணங்களே. நாயனார் பதிகம் பாடிப் பொருளை மீளப் பெற்றார் என்பது தல வரலாறு. அவிநாசியில் முதலையுண்ட பாலகனை மீட்டுத் தந்தவரும் அவரே. அப்பெருமான் திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானை மீதேறித் திருக்கயிலை சேர்ந்த நாள் ஆடிச் சுவாதி. திருநாவுக்கரசு சுவாமிகள் திருவையாற்றில் கயிலைக் காட்சி கண்ட விழா கொண்டாடப்பெறுவது ஆடி அமாவாசை. ஆக, தமிழ் அடியார்தம் நெஞ்சில் ஆடி மாதமும் கயிலையும் இணைந்தே நிற்கின்றன.

ஆடியில் திருமணம் முதலிய நிகழ்ச்சிகள் குறைவு. ஆதலால் கொங்கு நாட்டுக் குடும்பங்கள் பல இம்மாதத்தில் வடநாட்டு யாத்திரையை எண்ணுகின்றன. கயிலை மானசரோவர், முக்திநாத், லடாக்கின் பௌத்த மடாலயங்கள், நீல நிற ஏரிகள் ஆகியவற்றைத் தரிசிக்க விரும்புவோர் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். ஆயின் இதே மாதத்தில்தான் இமயத்தில் பருவமழை உச்சம் பெறுகிறது. அப்படியானால் போகலாமா, கூடாதா என்ற ஐயம் எழுவது இயல்பு. மலையின் எந்தப் பக்கத்திற்குப் போகிறோம், எந்தப் பக்கத்தைக் கடந்து போகிறோம் என்னும் இரண்டையும் அறிந்தால் இவ்வையம் பெரும்பாலும் தீரும்.

மழை மறைவு: திருப்பூர் அறிந்த உண்மை

இதனைப் புரிந்துகொள்ளத் திருப்பூர் மக்களுக்கு வேறு பாடம் வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழுந்து குளிர்ந்து, அம்மலையிலேயே தன் நீரைப் பெரும்பாலும் பொழிந்துவிடுகிறது. வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாற்றில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். மலைக்கு இப்பால் உள்ள திருப்பூர், பல்லடம், தாராபுரம் பகுதிகளிலோ ஆண்டு முழுவதும் பெய்வதே ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர் வரைதான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மழை. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே அம்மியையும் பறக்கவிடும் காற்று வரும், மழை வாராது. இதற்கு மழை மறைவுப் பகுதி என்று பெயர்.

இமயத்திலும் நிகழ்வது இதுவே. மேகங்கள் மலையின் தென்சரிவில் மோதிப் பொழிகின்றன. தர்மசாலா, மணாலி, கேதாரம், பொக்காரா முதலிய இடங்கள் மழையில் நனைகின்றன. அம்மலைத் தொடருக்கு வடக்கே உள்ள லடாக், ஸ்பிதி, நேபாளத்தின் முஸ்தாங், திபெத்து ஆகியவை மழை மறைவில் அமைந்த வறண்ட நிலங்கள். லே நகரில் ஆண்டு மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டர். நம் தாராபுரத்தைக் காட்டிலும் மிகக் குறைவு. பொக்காராவில் 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்ய, மலைக்கு அப்பால் உள்ள ஜோம்சோமில் அதில் பத்தில் ஒரு பங்கு அளவே பெய்கிறது.

மழை மறைவில் உள்ள தலங்கள்

கயிலை மானசரோவர்: கயிலைமலை 6,638 மீட்டர் உயரமுடையது. அதன் தெற்கே ஏறத்தாழ 4,590 மீட்டர் உயரத்தில் மானசரோவர் விளங்குகிறது. சைவர்க்கு இது இறைவன் உறையுள். பௌத்தர், சமணர், திபெத்தின் தொன்மையான பொன் சமயத்தார் ஆகியோரும் இதனை வணங்குகின்றனர். ஏரிக்கரையில் சியூ மடாலயமும், 52 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் திரபுக், சுதுல்புக் மடாலயங்களும் உள்ளன. கிரிவலத்தில் கடக்கும் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேற்பட்டது. இந்திய அரசின் வெளியுறவு அமைச்சகம் நடத்தும் யாத்திரை 2020 முதல் 2024 வரை நடைபெறவில்லை. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் தொடங்கியது. அவ்வாண்டு லிபுலேக் கணவாய் வழியே தலா 50 பேர் கொண்ட 5 குழுக்களும், சிக்கிமின் நாதுலா வழியே 10 குழுக்களும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டன. நாதுலா வழியில் நடை குறைவு. பெரும்பகுதியை வண்டியிலேயே கடக்கலாம்.

முக்திநாத்: வைணவர் போற்றும் 108 திவ்விய தேசங்களுள் ஒன்றான சாளக்கிராமம் இதுவே என்பர். திருமங்கையாழ்வார் இதனை மங்களாசாசனம் செய்துள்ளார். 3,700 மீட்டருக்கு மேல் அமைந்த இத்தலத்தில் 108 நீர்த்தாரைகள் உள்ளன. நிலத்தடி வாயுவால் நீரருகே அணையாது எரியும் சுடரை ஜ்வாலாமாயி என வணங்குவர். திபெத்திய பௌத்தர்க்கும் இது புண்ணியத் தலம். ஆதலின் பௌத்தத் துறவியரும் இங்குத் தொண்டு புரிகின்றனர்.

லடாக், ஸ்பிதி: பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹெமிஸ், 15 மீட்டர் உயர மைத்ரேயர் திருவுருவம் கொண்ட திக்சே, பழஞ்சுவரோவியங்கள் நிறைந்த ஆல்ச்சி, நிலவின் தரை போன்ற மண்மேடுகளுக்கிடையே நிற்கும் லாமாயுரு ஆகியவை லடாக்கின் மடாலயங்கள். ஸ்பிதியில் கி.பி. 996இல் மண்சுவர்களால் எழுப்பப்பெற்ற தாபோ இன்றளவும் வழிபாட்டில் உள்ளது. பாங்காங், ஸோ மொரீரி, சந்திரதால் ஆகிய ஏரிகள் யாவும் 4,200 மீட்டருக்கு மேற்பட்டவை. ஸோ மொரீரியின் கரையில் கொர்சோக் மடாலயம் உள்ளது. குரு பத்மசம்பவரைப் போற்றும் ஹெமிஸ் திருவிழா ஜூன் அல்லது ஜூலை மாதத்தில் நிகழும்.

இவற்றோடு ஒப்பிட, இமாசலத்தின் மண்டி மாவட்டத்தில் உள்ள ரிவால்சர் ஏரியைக் கருதலாம். லோமச முனிவர் தவமிருந்த இடமென இந்துக்களும், பத்மசம்பவர் தோன்றிய தாமரைத் தடாகமெனப் பௌத்தர்களும், குரு கோவிந்த சிங்கின் வருகையால் சீக்கியர்களும் போற்றும் தலம் இது. ஆனால் இது 1,360 மீட்டர் உயரத்தில், மழை பெய்யும் தென்சரிவிலேயே உள்ளது. இங்கு மழைக்காலத்தைத் தவிர்த்துச் செல்வதே நன்று.

கடக்கும் வழியே கடினம்

தலம் மழை மறைவில் இருப்பினும், அங்குச் செல்லும் வழி மழைச்சரிவைக் கடந்தே செல்கிறது. இதனை மறப்பதே பெரும் ஆபத்து.

1998 ஆகஸ்ட் மாதத்தில் காளி நதிக்கரையில் மால்பா என்னும் சிற்றூரில் இரவு தங்கியிருந்த கயிலை யாத்திரிகர் 60 பேர் நிலச்சரிவில் உயிரிழந்தனர். ஊரார், சுமைதூக்குவோர் உட்பட மாண்டோர் 200க்கும் மேற்பட்டோர். அவர்கள் கயிலையை அடையவில்லை. அதற்கான வழியிலேயே இறைவனடி சேர்ந்தனர். செங்குத்துச் சரிவின் அடியிலும் ஆற்றின் விளிம்பிலும் இரவு தங்குதல் கூடாது என்பதை அந்நிகழ்வு உணர்த்துகிறது.

2013 ஜூன் 16, 17 ஆகிய நாட்களில் கேதாரத்தில் நேர்ந்த பேரழிவு, பருவமழை நாட்காட்டி பார்த்து வருவதில்லை என்பதைக் காட்டியது. மழை உரிய காலத்திற்கு முன்பே வந்தது, மேலிருந்த சோராபாரி ஏரி உடைந்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 2021 ஆகஸ்ட் 11 அன்று ஸ்பிதிக்குச் செல்லும் கின்னௌர் சாலையில் நிகுல்சாரி என்னுமிடத்தில் மலை சரிந்து, பேருந்தும் பிற வண்டிகளும் புதையுண்டு 28 பேர் இறந்தனர். 2025 ஆகஸ்ட் 5 அன்று கங்கோத்ரி செல்லும் வழியிலுள்ள தராலி கிராமத்தைத் திடீர் வெள்ளம் அடித்துச் சென்றது.

மழை மறைவும் முழுக்காப்பு அன்று. 2010 ஆகஸ்ட் 5 இரவு லே நகரில் பெய்த திடீர் மழையில் 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மரமும் புல்லும் இல்லாத வெற்று மண்மலை சிறுமழையிலேயே சேறாகி இறங்கிவிடும். 2023 ஜூலையில் சந்திரதால் ஏரிக்கரையில் பனிப்பொழிவால் ஏறத்தாழ 300 பேர் சில நாட்கள் சிக்கிப் பின் மீட்கப்பட்டனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று முக்திநாத் வழியிலுள்ள காக்பேனியில் வெள்ளம் புகுந்து வீடுகளை அழித்தது.

இவற்றைக் கூறுவது அச்சமூட்டுதற்கு அன்று. பல்லாயிரம் அடியார்கள் இதே வழிகளில் நலமே சென்று மீள்கின்றனர். அவர்தம் திட்டத்தில் இருக்க வேண்டியது எது என்பதே இனிக் காண வேண்டியது.

திட்டமிடும் முறை

முதலாவது, வெற்று நாட்கள். மலையில் நான்கு நாள் பயணத்திற்கு ஒரு நாளை எதற்கும் ஒதுக்காது விட வேண்டும். மலையிலிருந்து இறங்கும் நாளுக்கும் ஊர் திரும்பும் தொடர்வண்டி அல்லது விமானப் பயண நாளுக்கும் இடையே குறைந்தது 2 நாள் இடைவெளி வேண்டும். திரும்பும் சீட்டு மறுநாளைக்கு என்றிருந்தால், பாதை மூடியிருந்தாலும் எப்படியாவது போய்விடலாம் என்ற எண்ணம் எழும். கம்பெனி ஆர்டர், பள்ளித் தேர்வு, திருமண நாள் ஆகியவற்றை யாத்திரை முடிவோடு ஒட்டி வைத்தலும் அவ்வாறே தீங்கு.

இரண்டாவது, வழித்தேர்வு. லடாக் செல்வோர் ஸ்ரீநகர், கார்கில், லாமாயுரு வழியே ஏறுதல் உடலுக்கு நன்று. ஸ்ரீநகர் 1,600 மீட்டர், கார்கில் 2,700 மீட்டர், லே 3,500 மீட்டர் எனப் படிப்படியாக உயரம் கூடுகிறது. ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளமான இச்சாலையை இரண்டு நாட்களில் கடக்கலாம். 2025 ஜூன் முதல் கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்குத் தொடர்வண்டியும் உண்டு. மணாலி வழியில் 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் ரோதாங் கணவாயைத் தவிர்க்கிறது. எனினும் மணாலிக்குக் கீழுள்ள பியாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு மழையில் அடிக்கடி சிதைவது. மேலும் இவ்வழியில் 4,200 மீட்டருக்கு மேலுள்ள சர்ச்சுவில் இரவு தங்க நேர்வது முதியோர்க்குக் கடினம். ஆதலின் மணாலி வழியை ஏறுதற்கன்றி இறங்குதற்குக் கருதலாம். மழை கடுமையாயின் அதனையும் விடலாம்.

மூன்றாவது, நேரம். மலைச்சாலையில் விடியலில் புறப்பட்டு நண்பகலுக்குள் கணவாயைக் கடந்துவிட வேண்டும். பகல் வெயிலில் பனி உருகுவதால் சாலையின் குறுக்கே ஓடும் நீரோடைகள் காலையில் கணுக்கால் அளவும் மாலையில் வண்டியை இழுக்கும் அளவும் இருக்கும். இரவுப் பயணம் அறவே கூடாது. சரிந்த மண் கிடக்கும் இடத்தில் படம் எடுக்க வண்டியை நிறுத்துதலும் கூடாது.

நான்காவது, செய்தி. இந்திய வானிலை ஆய்வுத் துறை மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிற எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. ஆரஞ்சு எச்சரிக்கை எனில் தங்கியிருக்கும் ஊரிலேயே இருக்க வேண்டும். வெளியூர் ஓட்டுநர் திறமையுடையவராயினும் அவ்வூர் ஓட்டுநரின் சொல்லே மேலானது. எல்லையோர ஏரிகளுக்கான அனுமதி விதிகள் மாறக்கூடியவை. புறப்படுமுன் உரிய மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்தல் வேண்டும். சில நாட்கள் கைப்பேசி இயங்காமற் போகலாம் என்று வீட்டிலுள்ளோர்க்கு முன்பே சொல்லிவைத்தால் வீண் கலக்கம் நேராது.

நாளைத் தேர்ந்தெடுக்க இயன்றவர்கள் ஆவணி இறுதியிலோ புரட்டாசியிலோ செல்வது சிறப்பு. அப்போது மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, கணவாய்களும் திறந்திருக்கும்.

உயரத்திற்கு உடலைப் பழக்குதல்

மழையைக் காட்டிலும் ஓசையின்றி வருவது உயர நோய். காற்றில் உயிர்வளி குறைவதால் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை தோன்றும். லே சேர்ந்ததும் இரண்டு முழு நாள் ஓய்வு கொள்ள வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுதலும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு நாள் ஏறாமல் தங்குதலும் மருத்துவர் கூறும் நெறி. ஓய்விலும் மூச்சிரைத்தல், இடைவிடாத இருமல், நடை தள்ளாடுதல், பேச்சில் தடுமாற்றம் ஆகியவை கண்டால் காலம் தாழ்த்தாது கீழே இறங்க வேண்டும். இறங்குதலே முதல் மருந்து. இதயநோய், நீரிழிவு, இரத்த அழுத்தம் உடையோர் மருத்துவரைக் கேளாது புறப்படலாகாது. அரசின் கயிலை யாத்திரையில் 18 முதல் 70 வயது வரை மட்டுமே இடமளித்து, டில்லியிலும் வழியிலும் உடற்பரிசோதனை செய்வதும் இதன் பொருட்டே. அதில் தகுதி பெறாதவரைத் திருப்பி அனுப்புவது தண்டனை அன்று; காப்பு.

பனியன் ஊராருக்கு ஒரு சொல்

துணியின் இயல்பைத் திருப்பூர் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பருத்திப் பனியன் வியர்வையை உறிஞ்சும். நம் ஊர் வெயிலுக்கு அதுவே நலம். ஆயின் குளிர்மலையில் அவ்வியல்பே பகையாகும். நனைந்த பருத்தி எளிதில் உலராது. உடலின் சூட்டை ஈர்த்துக்கொண்டே இருக்கும். எனவே மலையேறும் நாளில் உடலை ஒட்டிய ஆடை கம்பளியாகவோ பாலியஸ்டராகவோ இருக்கட்டும். அதன்மேல் ஃப்ளீஸ் ஆடை, அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத மேலங்கி என மூன்று அடுக்கு போதும். ஜி.எஸ்.எம். மிகுந்த கனத்த ஆடை ஒன்றினும் மெல்லிய ஆடைகள் மூன்று மேல். அடுக்குகளுக்கிடையே நிற்கும் காற்றே குளிரைத் தடுக்கும், வெயில் வந்தால் ஒன்றைக் களையவும் இயலும். காலுறைகள் நான்கு இணை கொண்டு, உலர்ந்த ஓர் இணையை எப்போதும் பிளாஸ்டிக் பையில் காத்து வைத்தல் வேண்டும்.

மடாலயங்களிலும் ஏரிகளிலும்

பௌத்த மடாலயத்தினுள் காலணி களைந்து, தலைப்பாகை நீக்கி, அமைதியாகச் செல்லுதல் முறை. வலம் வருதல் நம் கோயில் முறையேதான். மணிச்சுவரும் ஸ்தூபியும் எப்போதும் வலக்கையின் பக்கம் இருக்க வேண்டும். வழிபாட்டு நேரத்தில் துறவியர் வரிசையின் குறுக்கே நடத்தலும், பழைய ஓவியங்களின் மீது ஒளிவீசிப் படமெடுத்தலும் தவறு. ஏரிகளில் சோப்பு, எண்ணெய், பூமாலை, பிளாஸ்டிக் ஆகியவற்றை விடலாகாது. மானசரோவரில் நீராடுதல் பற்றி அவ்வப்போது உள்ள விதியைக் குழுத்தலைவரிடம் கேட்டு நடத்தல் நன்று. குளிர்மிகு நீரில் நீராட இயலாத முதியோர் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொள்வதே போதுமானது.

அரசு மானியம்

தமிழக அரசு 2012ஆம் ஆண்டு, மானசரோவர் யாத்திரைக்கு ரூ.40,000, முக்திநாத் யாத்திரைக்கு ரூ.10,000 என மானியம் அறிவித்தது. பின்னர் இத்தொகைகள் முறையே ரூ.50,000, ரூ.20,000 என உயர்த்தப்பட்டன. இந்து சமய அறநிலையத் துறை வெளியிடும் அறிவிப்பில் தகுதியும் கடைசி நாளும் குறிக்கப்பெறும். பயணச் சீட்டுகளையும் இரசீதுகளையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

திரும்புதலும் யாத்திரையே

திருநாவுக்கரசு சுவாமிகள் கயிலையை நாடித் தனியே நடந்தார். பாதங்கள் தேய்ந்தன; கைகளால் தவழ்ந்தார்; மார்பால் ஊர்ந்தார். மானிடர்க்கு அரிய இடம், திரும்புக என்று முனிவர் உருவில் வந்த இறைவன் கூறியபோது அவர் உடன்படவில்லை. பின்னர் இறைவன் ஆணைக்குப் பணிந்து தடாகத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார். அங்கேயே கயிலைக் காட்சி கிடைத்தது. அத்தகைய பெரியாரே ஆணைக்குப் பணிந்தார் எனில், மூடப்பட்ட கணவாயின் முன் வண்டியைத் திருப்புவதில் அடியார் எவர்க்கும் குறையில்லை.

கொங்கு நாட்டார் இந்நெறியை முன்பே அறிவர். நொய்யல் பிறக்கும் வெள்ளியங்கிரியைத் தென்கயிலாயம் எனப் போற்றும் அவர்கள், அதன் ஏழு மலைகளையும் மாசி முதல் வைகாசி வரையிலான நாட்களில் ஏறுவர். மழை தொடங்கியதும் மலைப்பாதை அடைக்கப்படுகிறது. அடியார்கள் அடிவாரத்துப் பூண்டியிலேயே வணங்கி மீள்கின்றனர். அதனால் அவர்தம் பக்தி குறைவுபட்டதில்லை. வடகயிலைக்குச் செல்வோரும் அந்த அடக்கத்தையே கட்டுச்சோறாகக் கொண்டு செல்வாராக. கிடைத்த தரிசனம் எவ்வளவாயினும், சென்றவர் அனைவரும் நலமே வீடு திரும்பி, அவிநாசியப்பர் திருமுன் நின்று நன்றி கூறும் நாளிலேயே அந்த யாத்திரை நிறைவுறுகிறது.